கிளச் தேயாமல் கார் ஓட்டுவது எப்படி: திருகோணமலைச் சாரதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நிலாவெளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கி, மர நிழலில் காரை விடலாம் என்று ஐம்பது அடி உள்ளே போனேன். திரும்ப எடுக்கும்போது முன்சக்கரங்கள் மணலில் புதைந்துவிட்டன. முதல் கியர், பிறகு ரிவர்ஸ், மறுபடி முதல் கியர் என்று அரைக் கிளச்சில், அதாவது பெடலைப் பாதி மிதித்தபடி, இஞ்சினைக் கத்தவிட்டுப் பத்து நிமிடம் போராடினேன். கார் வெளியே வந்தது. கூடவே, தலைமயிரும் பழைய கடதாசியும் சேர்ந்து கருகுவது போன்ற ஒரு நாற்றமும் வந்தது. சில நாட்களில் கராஜில் கழற்றிய கிளச் பிளேட்டை என் முன்னால் வைத்த மெக்கானிக், “தம்பி, இது தேய்ந்தது இல்லை, வெந்தது” என்றார்.

நிதானமாக ஓட்டினால் ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு மேலும் உழைக்கக்கூடிய பொருள் அது. அதை நான் பத்து நிமிடத்தில் முடித்திருந்தேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் கையில் இருந்த பழைய ஆல்டோவையும் சன்னியையும் டொல்பின் வானையும் பேணித்தான் எல்லோரும் ஓடினோம். பலர் இன்னும் அதையேதான் ஓட்டுகிறோம். ஆகவே கிளச்சைக் காப்பாற்றுவது வெறும் சிக்கனக் கணக்கு மட்டும் இல்லை.

தேய்மானம் எங்கே நடக்கிறது

இஞ்சின் ஓடும்வரை அதோடு சேர்ந்து சுழல்வது ஃப்ளைவீல். கியர்பெட்டிக்குள் போகும் தண்டில் கோத்திருப்பது கிளச் பிளேட். அதன் இரண்டு முகத்திலும் உராய்வுப் பட்டை ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். பிரஷர் பிளேட் அதைப் பின்னாலிருந்து ஃப்ளைவீலோடு அமுக்கிப் பிடிக்கிறது. நீங்கள் பெடலை மிதித்தால், ரிலீஸ் பெயரிங் நகர்ந்துபோய் பிரஷர் பிளேட்டின் நடுவில் உள்ள வில்லை (ஸ்பிரிங்கை) தள்ள, பிடி விடுபடுகிறது.

பெடல் முழுவதும் மேலே இருந்தால் மூன்றும் ஒரே வேகத்தில் சுழலும், உராய்வு இல்லை. முழுவதும் கீழே இருந்தால் பிளேட் தனியாக நிற்கும். அப்போதும் உராய்வு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், பிளேட் பாதிப் பிடியில் வழுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அத்தனை தேய்மானமும் நடக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு பழக்கமும் அந்த நடு நேரத்தைக் குறைப்பதற்குத்தான்.

அந்த நேரத்தில் எழும் சூடு, இஞ்சின் சுற்றின் வர்க்கத்தோடு கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சமதரையில் நிமிடத்துக்கு 1000 சுற்றில் கிளச்சை விட்டுப் புறப்பட்டால் உண்டாகும் சூட்டைப் போல, 2000 சுற்றில் புறப்பட்டால் ஏறக்குறைய நான்கு மடங்கு சூடு உண்டாகும். இரண்டாம் கியரில் புறப்பட்டாலும் இதே கதைதான்: ஒரு சாதாரணச் சிறிய காரில் முதல் கியரைவிட மூன்று மடங்குக்கு மேல். “இரண்டாம் கியரிலேயே எடுத்துவிடுவேன், வண்டி அவ்வளவு நல்ல கொண்டிஷன்” என்று பெருமைப்படுபவர் தன் பிளேட்டைத் தானே அராவிக்கொண்டிருக்கிறார்.

உட்காருவதில் தொடங்குங்கள்

பெடல் அடிமட்டம்வரை போக வேண்டும். போன பிறகும் முழங்கால் சற்று மடிந்தே இருக்க வேண்டும். ஆசனம் பின்னால் தள்ளியிருந்தால் கால் எட்டாமல் கடைசி ஓரங்குலம் மிச்சமாகும். பிளேட் முழுதாக விடுபடாது, கியர் போடும்போது கறகறக்கும். காலுக்குக் கீழே கிடக்கும் விரிப்பையும் பாருங்கள். மடங்கிப் பெடலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் ரப்பர் விரிப்பு செய்கிற வேலையைக் கண்டு, கிளச் பழுது என்று கராஜுக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு.

செருப்பு பற்றியும் ஒரு சொல். நம் ஊர் வெயிலுக்கு எல்லோரும் செருப்போடுதான் ஓட்டுகிறோம். குதிக்குப் பின்னால் வார் இல்லாத ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கும். எங்கே பிடிக்கிறது என்பது பாதத்துக்குத் தெரியாது. கழற்றி ஆசனத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவது அதைவிட நல்லது. ஆசனத்துக்குக் கீழே வைக்க வேண்டாம். உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விடும்.

பிடிக்கும் புள்ளியைக் காலுக்குப் பழக்குதல்

ஒவ்வொரு காரிலும் பெடல் மேலே வரும் வழியில் ஓரிடத்தில் பிளேட் பிடிக்கத் தொடங்கும். அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, பாதத்துக்குத்தான் தெரிய வேண்டும். சனமில்லாத சமதரை ஒன்றைத் தேடுங்கள். முதல் கியர் போட்டு, அக்சிலரேட்டரைத் தொடாமல், பெடலை மிக மெதுவாக விடுங்கள். இஞ்சினின் சத்தம் ஒரு படி கனக்கும், காரின் மூக்கு சற்று அசையும். அதுதான் இடம். அங்கே காலை ஒரு கணம் நிறுத்துங்கள். கார் நகரத் தொடங்கியதும் மிச்சத்தையும் விட்டுவிடுங்கள். பெற்றோல் கார் பெரும்பாலும் அக்சிலரேட்டர் இல்லாமலே மனிதர் வேகமாக நடக்கும் அளவுக்கு ஊர்ந்து போகும்.

ஐந்தாறு தடவை செய்தபின் இஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். பயிற்சி என்ற பெயரில் ஒரு மணி நேரம் இதையே செய்தால் பழகுகிறவருக்குக் கால் வரும். கற்றுக்கொடுப்பவருக்குக் கராஜ் பில் வரும்.

புறப்படுதல்

சமதரையில் 1200, மிஞ்சினால் 1500 சுற்று போதும். சுற்றுமானி இல்லாத காரில் காதை நம்புங்கள்: இஞ்சின் முனக வேண்டும், கத்தக் கூடாது. பிடிக்கும் புள்ளிவரை பெடலைச் சட்டென்று கொண்டுவரலாம், அந்தத் தூரத்தில் தேய எதுவும் இல்லை. புள்ளியில் ஒரு கணம், பிறகு சீராக முழுவதும் மேலே. உடனே காலைப் பெடலை விட்டு எடுத்து இடப்பக்கத்துத் தரையில் வையுங்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. ஓட்டும் நேரம் முழுவதும் இடதுகால் பெடலின் மேல் ஓய்வெடுக்கும். அந்தக் காலின் பாரம் மட்டுமே போதும், ரிலீஸ் பெயரிங் போய்த் தொட்டுக்கொண்டு வீணாகச் சுழல. பிரஷர் பிளேட்டின் பிடியும் கொஞ்சம் தளரும். கந்தளாய்வரை அப்படிப் போய் வந்தால், நீங்கள் ஒரு தடவைகூட அரைக் கிளச் போடவில்லை என்றாலும் பெயரிங் உங்களை மன்னிக்காது.

ஓடும்போது கியர் மாற்றுதல்

“கிளச்சை மெதுவாக விட்டால் கிளச்சுக்கு நல்லது” என்று கற்றுக்கொடுக்கிறார்கள். புறப்படும்போது அது சரி. ஓடிக்கொண்டிருக்கும்போது பிழை. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றியபின் பெடலைச் சாவகாசமாக விட்டால், அந்தச் சாவகாசம் முழுவதும் பிளேட் வழுக்குகிறது. வலதுகால் அக்சிலரேட்டரை விட்டு எழ, இடதுகால் மிதிக்க, கை கியரை மாற்ற, இடதுகால் தயங்காமல் எழ, அதன் பிறகே வலதுகால் மிதிக்க வேண்டும். கிளச் முழுதாக மேலே வருமுன் அக்சிலரேட்டரை அமுக்குவதுதான் பொதுவான குற்றம். கார் முன்னே போகுமுன் இஞ்சின் “ஊம்” என்று ஏறுகிறதா என்று கேட்டால் உங்கள் குற்றம் உங்களுக்கே தெரியும்.

கீழ்க் கியருக்கு வரும்போது வேகத்தை முதலில் பிரேக்கால் குறையுங்கள். நான்கிலிருந்து மூன்றுக்கு வந்தால் இஞ்சின் 2000 சுற்றிலிருந்து 2600 அளவுக்கு ஏற வேண்டியிருக்கும். அந்த ஏற்றத்தைக் கொடுக்கப் பிளேட்டை உராயவிடாமல், பெடல் கீழே இருக்கும்போதே அக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுங்கள். குலுக்கல் இல்லாமல் கியர் விழுந்தால் சரியாகத் தட்டினீர்கள் என்று அர்த்தம்.

இறக்கத்தில் கியரிலேயே விட்டு இஞ்சினால் வேகத்தைப் பிடிப்பது கிளச்சைத் தேய்க்கும் என்று பயப்பட வேண்டாம். பெடல் மேலே இருக்கும்வரை அங்கே வழுக்கல் இல்லை.

சந்தை நெரிசலும் நின்று நின்று போவதும்

பெரிய கடைத்தெருவிலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் காலையில் ஓடினால் ஐந்நூறு மீற்றருக்குள் இருபது தடவை நிற்க நேரும். முச்சக்கரவண்டி ஒன்று ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி நகர வேண்டும் என்று ஒரு வேகம் வரும். வேண்டாம். முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழட்டும். பிறகு கிளச்சை முழுதாக விட்டு, முதல் கியரில் ஊர்ந்துபோய், திரும்ப நில்லுங்கள். இருபது வழுக்கல் நான்காகக் குறையும். பின்னால் ஹோர்ன் அடிப்பவர் உங்கள் பிளேட்டுக்குக் காசு தரப்போவதில்லை.

நிற்பது சில வினாடிகளுக்கு மேல் என்றால் நியூட்ரலுக்கு வந்து காலை எடுங்கள். பெடலை முழுதாக மிதித்தபடி நின்றால் பிளேட் தேயாது என்பது உண்மை. ஆனால் பெயரிங்கும் வில்லும் அந்த நேரம் முழுவதும் பாரம் சுமக்கின்றன. 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது இஞ்சின் போடாமல் காரைத் தள்ளியே நகர்த்தினோம். மிச்சம் பிடித்தது பெற்றோலை. தற்செயலாகக் கிளச்சும் பிழைத்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஹபரணை வீதியில் யானை நின்றால், தூரத்திலேயே நிறுத்தி, கியரைப் போட்டுப் பெடலை மிதித்தபடி தயாராக இருங்கள். அங்கே பெயரிங்கின் ஆயுளைக் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஏற்றத்தில் நிற்பதும் எடுப்பதும்

கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதிதான் நம் ஊரின் கிளச் பரீட்சை மண்டபம். விசேட நாளில் முன்னால் அடியார் கூட்டம், எதிரே இறங்கும் வான், நடுவில் மான். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்கு அவசரம் கிடையாது. அவை வீதியைக் கடக்கும்வரை ஏற்றத்தில் நிற்க வேண்டியதுதான். பலர் அந்த நேரத்தில் பிரேக்கைத் தொடாமல், அரைக் கிளச்சிலும் அக்சிலரேட்டரிலும் காரைத் தொங்கவிட்டபடி நிற்பார்கள். பார்ப்பவருக்கு அது பெரிய வித்தை.

அதன் விலையை ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு ஆயிரம் கிலோ எடையுள்ள கார், நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரும் ஏற்றம், இஞ்சின் 1500 சுற்றில். அரை நிமிடம் அப்படித் தொங்கினால் பிளேட்டில் எழும் சூடு, சமதரையில் அக்சிலரேட்டர் தொடாமல் நாற்பது தடவைக்கு மேல் புறப்படுவதற்குச் சமம். ஒரு மான் கடந்த நேரத்தில் ஒரு வாரத் தேய்மானம்.

செய்ய வேண்டியது இது:

1. கால் பிரேக்கில் நிறுத்தி ஹாண்ட் பிரேக்கை நன்றாக இழுங்கள். நியூட்ரல். இரண்டு காலும் ஓய்வு.
2. வழி திறந்ததும் கிளச்சை மிதித்து முதல் கியர். ஹாண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், இறக்க வேண்டாம்.
3. அக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளச்சைப் பிடிக்கும் புள்ளிவரை விடுங்கள். காரின் பின்புறம் சற்றே அமிழ்ந்து, இஞ்சின் சத்தம் கனக்கும்.
4. அந்தக் கணத்திலேயே ஹாண்ட் பிரேக்கை இறக்குங்கள். கார் பின்னால் போகாது. நகர்ந்ததும் கிளச் முழுவதும் மேலே.

மூன்றாம் படியில் இரண்டு வினாடிக்கு மேல் நிற்காதீர்கள். இத்தனைக்கும் முதலில் ஹாண்ட் பிரேக் பிடிக்க வேண்டும். கேபிள் தளர்ந்த ஹாண்ட் பிரேக்கை அப்படியே விட்டிருப்பவர்கள்தான் ஏற்றத்தில் கிளச்சால் காரைப் பிடிக்கிறார்கள். முன்னதைச் சரிபார்க்கும் செலவு பின்னதை மாற்றும் செலவுக்குக் கிட்டவும் வராது.

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும்வரை பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில்தான் வாகனத்தை ஏற்றி அக்கரை போனோம். இறங்குதுறைச் சரிவில் இறங்கி, இரும்புப் பலகையில் ஏறி, முன்னால் நிற்பவரின் கை சொல்லும் ஒரு சாண் தூரத்தில் நிறுத்த வேண்டும். அரைக் கிளச் இல்லாமல் அது முடியாது. ஆனால் அந்தத் தலைமுறைச் சாரதிகள் அதை இரண்டு வினாடி போடுவார்கள், உடனே விடுவார்கள், பிரேக்கில் நிற்பார்கள். ஒழுங்கைக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன்: சிறு சிறு துண்டுகளாக, இடையில் பெடலை முழுவதும் மிதித்து, காரைத் தானாக உருளவிட்டு.

மணலும் வெள்ளமும்

உப்புவெளி முதல் குச்சவெளிவரை கடற்கரைக்கு இறங்கும் ஒவ்வொரு வழியிலும் யாரோ ஒருவரின் கிளச் கருகிக்கொண்டிருக்கிறது. மணலில் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் காலை எடுங்கள். இரண்டாவது முயற்சி காரை இன்னும் ஆழமாகப் புதைக்கும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள மணலைக் கையால் வழித்து எடுங்கள். காரின் வயிறு மணலில் தட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். தென்னை மட்டையோ பனையோலையோ இரண்டு சக்கரத்துக்கும் அடியில் நன்றாகச் செருகுங்கள். டயரில் காற்றைப் பாதியளவு இறக்கினால் டயர் பரந்து மணலைப் பிடிக்கும். வீதிக்கு வந்ததும் மெதுவாகப் போய்க் காற்றடிக்க வேண்டும். நான்கு பேரைத் தள்ளச் சொல்லி, முதல் கியரில் குறைந்த சுற்றில் கிளச்சை விரைவாக முழுதும் விடுங்கள். அங்கே நிற்கும் மீனவர்களுக்கு இது பழகிய வேலை. கேட்க வெட்கப்பட்டதால்தான் எனக்குப் புது பிளேட் வாங்க நேர்ந்தது.

கருகும் நாற்றம் வந்துவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடேறிய பிளேட்டுக்குப் பிடி குறையும், பிடி குறைந்தால் இன்னும் வழுக்கும், இன்னும் சூடேறும்.

மாரி காலத்தில் வீதியில் நீர் ஏறி நிற்கும்போது, சைலன்ஸருக்குள் தண்ணீர் போகாதிருக்க உயர்ந்த சுற்றில் அரைக் கிளச்சில் கடப்பது வழக்கம். கிளச்சுக்கு அது தண்டனை. முதல் கியரில் கிளச்சை முழுதாக விட்டு, நிற்காமல் ஒரே சீராகப் போவதே போதும். அதற்கு மேல் ஆழம் என்றால் திரும்புங்கள்.

கடற்காற்று கிளச் கேபிளையும் விடுவதில்லை. உறைக்குள் துருவேறினால் பெடல் கனக்கும், விட்டபின் முழுதாக மேலே வராது. கேபிள் உள்ள காரில் பெடலின் மேற்பகுதியில் ஒரு சிறு சும்மா அசைவு இருக்க வேண்டும். அளவு காரின் கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய அந்த அசைவு குறையும். அது முற்றாக இல்லாமல் போனால், நீங்கள் காலை எடுத்தாலும் கேபிள் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். எண்ணெயால் இயங்கும் கிளச்சில் இந்தச் சிக்கல் குறைவு. தொட்டியின் மட்டத்தைப் பார்த்து, கையேடு சொல்லும் காலத்தில் எண்ணெயை மாற்றினால் சரி.

பிளேட் முடிகிறதா என்று அறிவது

முதல் அறிகுறி வீட்டு வாசலில் தெரியாது, நெடுவழியில்தான் தெரியும். நான்காம் கியரில் ஏற்றத்தில் அமுக்கும்போது இஞ்சின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. பெடல் மேலே வந்து கடைசி நேரத்தில்தான் பிடிப்பது அடுத்தது.

சந்தேகம் இருந்தால், முன்னால் தடை எதுவும் இல்லாத இடத்தில் ஹாண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து, மூன்றாம் கியர் போட்டு, கிளச்சைச் சீராக விடுங்கள். நல்ல கிளச் இஞ்சினை உடனே அணைத்துவிடும். அணையாமல் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் வழுக்குகிறது. உடனே பெடலை மிதியுங்கள். இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், சோதனையே தேய்க்கும்.

சத்தத்தையும் பிரித்துக் கேளுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பெயரிங். நியூட்ரலில் காலை எடுத்தபின் இரைந்து, மிதித்ததும் நின்றால் அது பெரும்பாலும் கியர்பெட்டிக்குள் உள்ள பெயரிங். கிளச்சை மாற்றித் தீராது.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். வேலையில் பெரும்பங்கு கியர்பெட்டியை இறக்கி ஏற்றுவதுதான். பெயரிங்கில் காசை மிச்சம் பிடித்துவிட்டு, அது ஆறு மாதத்தில் போனால் அதே கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும். கியர்பெட்டி கீழே இருக்கும்போது ஃப்ளைவீலின் முகத்தையும், இஞ்சினின் பின்பக்க எண்ணெய் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். சீலில் கசிவு இருந்தால் புது பிளேட்டிலும் எண்ணெய் படும்.

கழற்றிய பிளேட்டைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள். ரிவெட் தலையோடு மட்டமாகச் சீராகத் தேய்ந்திருந்தால் அது தன் ஆயுளை வாழ்ந்திருக்கிறது. பட்டை தடிப்பாக இருக்கையிலேயே கண்ணாடி போல மினுங்கி, வெடித்து, ஃப்ளைவீலில் நீலப் புள்ளிகள் இருந்தால் சூட்டில் போயிருக்கிறது. ஒரு பக்கம் கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய். புது பிளேட் போட்டபின் முதல் சில நூறு கிலோமீற்றர் ஊருக்குள் மெதுவாக ஓட்டுங்கள், பட்டையும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று படியட்டும். அதுவரை கோயிலுக்கு முச்சக்கரவண்டியில் போகலாம்.